விசில் ஊதாமல் மாரியோ 3: ஜெட் கப்பல் வரைக்கும்

மாரியோ 3 கேமில், கடைசியான எட்டாம் உலகத்து ஜெட் கப்பலை ஒருவழியாகக் கடந்தாயிற்று. உலகங்களைத் தாண்ட வைக்கும் விசிலை ஊதவில்லை, கட்டத்தைத் தாண்ட வைக்கும் முகிலைப் பாவிக்கவில்லை, கட்டம் முழுக்கப் பறக்க வைக்கும் பி-செட்டையும் இன்னும் சாமான் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. மிச்சம் 8-1, 8-2 கட்டங்கள், ஒரு கோட்டை, இன்னொரு டாங்கிப் படை, கடைசியில் வில்லன் பௌசரின் மாளிகை. இதை எழுதும்போது ரிவி அணைந்து கிடக்கிறது, கேம் பெட்டி மட்டும் பற்றரியில் உயிரோடு இருக்கிறது. அந்தப் பற்றரி வேலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே அலம்பப்போகிறேன், கேமை மட்டும் வாசிக்க வந்தவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம்.

நின்ரெண்டோவின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 ஜப்பானில் 1988 அக்டோபரில் வந்தது, அமெரிக்காவுக்கு 1990இல்தான் போனது. எங்கள் பக்கம் வந்த விதம் வேறு. 2002இல் போர்நிறுத்தத்தோடு கண்டி-யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்த பிறகு லொறியில் வந்த சாமான்களோடு சாமானாக, பெயர் தெரியாத கம்பனியின் பெட்டியில், அறுபது ஊசிக் கசெற்றாக வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு, ஜெனரேற்றரில் ரிவி கேம் என்பது பெரிய எடுப்பு. அப்போதும் கிளிநொச்சியில் கண்டது அநேகமாக முதல் மாரியோதான். காரணம் விலை மட்டுமில்லை. முதல் மாரியோ மொத்தமே 40 கிலோபைட், மூன்றாவது 384. அதோடு, இவ்வளவு பெரிய கேமைப் பகுதி பகுதியாகப் பெட்டிக்குக் காட்டும் எம்எம்சி3 என்ற சில்லு கசெற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் ‘999999 கேம்’ என்று ஒட்டி விற்கும் கசெற்றுகளில் எல்லாச் சின்னக் கேமும் இருக்கும், இது இருக்காது.

என்னிடம் இருப்பது வவுனியாவில் ஒரு பழைய ரிப்பெயர்க் கடையின் மேசைக்கடியில் கிடந்த தனிக் கசெற். ஜப்பான் பதிப்பின் பிரதி. கீழே உயிர், காசு காட்டும் பட்டை இடைக்கிடை நடுங்கும், அது பிரதிச் சில்லின் குணம். ஆனால் படம் நகரும்போது வலது ஓரத்தில் நிறங்கள் பிசகுவது பழுதில்லை, அசல் பெட்டியில் அசல் கசெற்றைப் போட்டாலும் அப்படித்தான். பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் படத்தை நகர்த்த அந்தப் பெட்டியில் இருந்த நினைவகம் போதாது. இதைச் சொல்லக் காரணம், அந்த நிறப் பிசகைக் காட்டி ‘சில்லு மாற்ற வேண்டும்’ என்று காசு கேட்ட ஒருவரும் இருக்கிறார். பெயர் வேண்டாம்.

சரி, கேம். ஒரு தொடரின் அடுத்த பாகத்தை எப்படிச் செய்வது என்பதற்கு இரண்டு வழியையும் ஒரே கூட்டத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாவது, முதலாவதையே எடுத்து உயிரை வாங்கும் அளவுக்குக் கடினமாக்கியது. மூன்றாவது எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டியது. வரைபடம் வந்தது, சாமான்களைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும் இடத்தில் எடுக்கலாம் என்று வந்தது, வால் தரும் இலையை எடுத்து, ஓடி வேகம் ஏற்றினால் பறக்கலாம் என்று வந்தது. இதில் எனக்குப் பெரிய மதிப்பு, அவர்கள் யோசனைகளை அள்ளி எறிந்த விதத்தில்தான். 5-3இல் ஒரு பச்சைச் சப்பாத்து வரும். அதற்குள் ஏறித் துள்ளித் துள்ளி முள்ளுக்கு மேலேயும் போகலாம். வேறு ஆட்களென்றால் அதை வைத்தே ஒரு உலகம் கட்டியிருப்பார்கள். இதில் அந்தக் கட்டத்தோடு சரி, பிறகு கண்ணிலேயே படாது. நாலாம் உலகத்தில் பல எதிரிகள் இராட்சத அளவு, அதிலும் 4-6இல் ஒரு கதவுக்குள் போய் வந்தால் அதே எதிரிகள் சின்னதாகிவிடுவார்கள். ஆறாம் உலகத்தில் பனிக்கட்டிக்குள் காசு உறைந்து கிடக்கும், நெருப்பை எறிந்தால் உருகும்.

கேம் தொடங்கும்போது திரைச்சீலை மேலே போவதைக் கவனித்திருப்பீர்கள். கட்டைகள் பின்சுவரில் ஆணி அடித்து மாட்டியதுபோல இருக்கும், நிழலும் விழும். கட்டம் முடியும் இடத்தில் மேடையை விட்டு இறங்கிய மாதிரி இருட்டு. இது முழுக்க ஒரு நாடகமா என்ற கேள்விக்கு மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ 2015இல் ஆம் என்றார். முல்லைத்தீவுப் பக்கம் வட்டக்களரியில் கூத்துப் பார்த்தவர்களுக்கு முன்திரை என்பதே கிடையாது, எனக்கு இது கொட்டகை நாடகமாகத்தான் தெரிகிறது.

பிடிக்காததும் இருக்கிறது. மூன்றாம் உலகத்தில் மாரியோவை அப்படியே விழுங்கும் அந்த மீன் அநியாயம். பெரிய மாரியோவா சின்னதா என்றெல்லாம் பார்க்காது, ஒரே வாய். ஏழாம் உலகத்துக் குழாய்ச் சிக்கல்களும் எனக்குச் சலிப்பு. திறமைக்கு வேலையில்லை, எந்தக் குழாய்க்குள் போவது என்று நினைவு வைத்திருந்தால் போதும்.

இனிப் பற்றரி. இந்தக் கேமை இடையில் சேமிக்க முடியாது. 1993இல் நின்ரெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபமிகொமுக்கு வந்த தொகுப்பில்தான் அந்த வசதி கிடைத்தது. முதலாம் உலகத்து விசில் இரண்டையும் ஊதினால் நேரே எட்டாம் உலகம், ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டு எழும்பலாம். எல்லா உலகத்தையும் நடந்தே கடப்பதென்றால் பல மணித்தியாலம் பெட்டி அணையாமல் இருக்க வேண்டும். மாரி தொடங்கினால் இங்கே கரண்டை நம்பி ஒரு பானை சோறே வைக்க ஏலாது. ஆறாம் உலகப் பனியில் சறுக்கிக்கொண்டு நிற்கும்போது எங்கேயோ ஒரு கொப்பு வயரில் சரியும், அவ்வளவுதான், திரும்ப 1-1.

இன்வேட்டர் வாங்கலாம் என்று விலை கேட்டேன், கேட்ட கையோடு விட்டுவிட்டேன். குழாய் ரிவியையும் சேர்த்து இழுக்கப் பெரிய பற்றரி வேண்டும். ஆனால் ரிவி அணைந்தால் எனக்கென்ன? கேம் இருப்பது பெட்டியின் நினைவகத்தில். ஸ்டார்ட்டை அமத்தி நிறுத்திவிட்டால் படமே இல்லாமல் அது பாட்டுக்கு நிற்கும். கரண்ட் வரும்போது ரிவியைப் போட்டால் மாரியோ விட்ட இடத்தில் இருப்பான். ஆக, அணையாமல் காக்க வேண்டியது அந்தச் சின்னப் பெட்டியை மட்டும்தான். யூபிஎஸ்ஸுக்குள் போடும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணிக் கறுப்புப் பற்றரி இதற்குத் தாராளம். பெட்டி இழுப்பது 300 மில்லியம்பியருக்குள். கணக்குப்படி இருபது மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும்.

சிக்கல் 7805இல், அதாவது உள்ளே வரும் வோல்ட்டை 5 ஆக இறக்கும் சின்ன உறுப்பில். எங்கள் பெட்டிகளில் அநேகமானவற்றுக்குள் அதுதான் இருக்கிறது, அதுவும் 9 வோல்ட் அடப்டரை நினைத்துப் பெயருக்கு ஒரு தகட்டுத் துண்டோடு. சார்ஜரில் கொழுவியிருக்கும் பற்றரி 13.5 வோல்ட் தரும். அதில் 5 போக 8.5, அதை 0.3ஆல் பெருக்கினால் இரண்டரை வாட், அவ்வளவும் சூடு. 7805 எரியாது, சூடு ஏறினால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அது ஒருமுறை மூடித் திறந்தால் கேம் போச்சு, கரண்ட் போனதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. யன்னல் செய்யும் கடையில் அலுமினியத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, துளை போட்டு, பசை பூசி இறுக்கினேன். சூடு குறைந்தது, ஆனால் மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதுவும் போதவில்லை.

கடைசியில், அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்கும் எல்எம்2596 சின்னப் பலகை ஒன்றை முன்னால் போட்டேன். 12ஐ 7.5 ஆக்கி அதைப் பெட்டிக்குக் கொடுக்கிறது, மிச்ச 2.5ஐ 7805 பார்த்துக்கொள்ளும். இப்போது தகட்டில் விரல் வைத்துக்கொண்டே இருக்கலாம். ஏன் நேரே 5க்கு இறக்கி 7805ஐக் கழற்றி எறியவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பலகை என்றைக்காவது பழுதானால் 12 வோல்ட்டும் நேரே உள்ளே பாயும். 7805 நடுவில் நின்றால் அடி அதில்தான் விழும், சில்லில் விழாது. அதோடு பலகையிலிருந்து வரும் அலையையும் அது அமர்த்திவிடும். நான் சோதனைக்கு 7805ஐத் தாண்டிக் கொடுத்தபோது படத்தில் மெல்லிய சாய்கோடுகள் ஓடின.

பலகையின் நீலத் திருகு பற்றி ஒரு வார்த்தை. அதைத் திருப்பத் திருப்ப மீற்றரில் ஒன்றும் அசையாது. பழுது என்று எறிய நினைப்பீர்கள். எறியாமல் இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள், பல சுற்றுக்குப் பிறகுதான் அளவு இறங்கத் தொடங்கும், தொடங்கினால் மளமளவென்று இறங்கும். மீற்றரில் 7.5 கண்ட பிறகுதான் பெட்டியில் கொழுவ வேண்டும். பலகை கொழும்புப் புறக்கோட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதற்காக பஸ் ஏறினால் கணக்கு உதைக்கும். வவுனியாவிலேயே வாங்குங்கள்.

மின்சாரம் தீர்ந்தது, ஜெட் கப்பல் தீரவில்லை. மற்ற ஆகாயக் கப்பல்கள் ஆறுதலாக நகரும், இது மட்டும் பேய் பிடித்த வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் நெருப்பு, முன்னால் ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் ஆகாயம். ஜப்பான் பதிப்பு வேறு. அமெரிக்கப் பதிப்பில் வாலோடு அடி வாங்கினால் பெரிய மாரியோ ஆவோம், இதில் நேரே சின்ன மாரியோ. சேர்த்து வைத்த இலைகள் எல்லாம் இப்படியே கரைந்தன. பக்கத்தில் இருந்து பார்த்த மருமகன், “மாமா, செட்டையைப் போடுங்கோவன், எனக்கே பாவமா இருக்கு” என்றான். போடவில்லை.

போனில் எமுலேற்றரில், அதாவது கேம் பெட்டியைப் போல நடிக்கும் செயலியில், இந்தக் கட்டத்தைத் தண்ணிபட்ட பாடாக விளையாடுவேன். ரிவியில் போட்டால் முதல் கப்பலிலேயே விழுவேன். எங்கள் பெட்டி 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 படம், போனில் ஓடுவது 60. கேம் எண்ணுவது செக்கனை இல்லை, படத்தை. முப்பது படம் நீளும் ஒரு பாய்ச்சல் போனில் அரைச் செக்கன், பெட்டியில் 0.6. மெதுவாக இருந்தால் சுகம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விரல் 60இல் பழகிவிட்டது, கப்பல் வருவதற்கு முன்பே துள்ளிவிடுகிறது. எமுலேற்றரில் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு உண்டு, அது எங்கள் வகைப் பெட்டியின் வேகத்துக்கே கொண்டுவரும். அதையும் போட்டுப் பார்த்தேன். போன் திரை 60இல் நின்றுகொண்டு 50ஐக் காட்டப் பார்ப்பதால் படம் விக்கி விக்கி வருகிறது, கண் கெட்டதுதான் மிச்சம்.

வழி பாட்டில் இருந்தது. கொஜி கொண்டோவின் அந்தக் கப்பல் பாட்டும் படத்தை எண்ணித்தான் ஓடுகிறது. பெட்டியில் சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் இழுபடும். கட்டம் தானாக நகருவது, பாட்டும் கட்டத்தோடு சேர்ந்தே தொடங்குவது. அப்படியென்றால் எந்தக் கப்பல் எந்த அடியில் வரும் என்பது 50இலும் ஒன்றுதான், 60இலும் ஒன்றுதான். விரலுக்கு நேரத்தைப் பழக்காமல் தாளத்தைப் பழக்கினேன். போனைத் திண்ணையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்காமல் பாட்டுக்குத் தொடையில் தட்டிப் பழகியது வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்த விஷயம். பிறகு ரிவியில் போட்டபோது, இடையில் ஒரு சுடுகுழாயில் அடி வாங்கிச் சின்ன மாரியோவாகித்தான், ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். உள்ளே காவலுக்கு இருந்த எதிரி பூம் பூமை மூன்று மிதியில் முடித்தேன். நிறுத்தி, கொன்றோலரை வைத்துவிட்டு, போய்த் தேத்தண்ணி போட்டேன்.

உயிர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டம் முடிவில் முழு வேகத்தில் ஓடி, இருட்டுத் தொடங்கும் இடத்திலிருந்தே, படம் மாறி மாறிக் காட்டும் பரிசு அட்டையை நோக்கிப் பாய்ந்தால் அநேகமாக நட்சத்திரம்தான் விழும், மூன்று நட்சத்திரத்துக்கு ஐந்து உயிர். இது படக் கணக்கு என்பதால் எங்கள் பெட்டியிலும் வேலை செய்கிறது.

இனி இருப்பதில் 8-2தான் யோசனை. இரண்டாம் உலகத்துப் பாலைவனத்தில் தலைக்கு மேலே பாய்ந்த கோபச் சூரியன் அதில் திரும்பவும் வரும். சித்திரை வெயிலில் இங்கே கிடந்தவனுக்கு அது ஒரு புதினமும் இல்லைதான், ஆனாலும் அந்தப் பாய்ச்சலுக்குப் பாட்டு உதவாது. பி-செட்டையைப் பௌசர் மாளிகைக்கு வைத்திருக்கவா, டாங்கிக்கு எடுக்கவா என்றும் இன்னும் முடிவில்லை.

இதை முடிக்காமலே அடுத்ததற்கு மனம் தாவிவிட்டது. 1986இன் அந்த இரண்டாவதைக் கசெற்றாக மாற்றிய பிரதி ஒன்று ஒரு நண்பரிடம் இருக்கிறதாம். நச்சுக் காளான், எதிர்க்காற்று, முன்னுக்கு அனுப்பாமல் பின்னுக்கு அனுப்பும் குறுக்குவழி, எல்லாம் உள்ள கேம். குறுக்குவழி பாவிக்காமல் முடித்தால் ஒன்பதாம் உலகம் திறக்கும், அதற்கும் சேமிப்புக் கிடையாது, பற்றரி தயார். அதற்கு முன் கொன்றோலரின் கறுப்பு இறப்பரை மாற்ற வேண்டும். பி பட்டனை அமத்திப் பிடித்து ஓடி ஓடி அது செத்துவிட்டது. பழைய ரிவி றிமோட்டில் வெட்டிய துண்டு பொருந்துகிறது, ஆனால் தடிப்புப் போதாது. தடித்த இறப்பர் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன்.