விண்டோஸ் 11-க்கு மாறும் முன் எழுத்துருவையும் எடுத்து வையுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில் இருப்பது 2018-இல் வாங்கிய கணினி. கல்வெட்டுகள் பற்றி அப்பா எழுதிய கட்டுரைகள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. 'இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 பொருந்தாது' என்று திரையில் வந்ததும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். புதிது வாங்கிவிடுங்கள் என்றார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸர், 8 ஜிபி ராம், இரண்டும் போதுமானவை. தேடிப் பார்த்தபோது, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லாமல் இல்லை, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) 'பிடிடி' என்ற பெயரில் அணைந்து கிடக்கிறது என்று தெரிந்தது.

எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தேன். நகல் சரியாக இருக்கிறதா என்று மயிலாப்பூரில் தங்கையின் மடிக்கணினியில் திறந்தோம். ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. மற்றவை ஆங்கில எழுத்துகள். அப்பா பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தட்டச்சு செய்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில். அது அந்த மடிக்கணினியில் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி, ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து அனுப்பினேன். தங்கை அதை நிறுவியதும் எழுத்துகள் திரும்பி வந்தன. தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: நகலை வேறொரு கணினியில் திறந்து, ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள்.

அடுத்தது வட்டு. எங்களுடையது, வட்டைப் பகுதிகளாகப் பிரித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் இருந்தது. விண்டோஸிலேயே உள்ள 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியில் முதலில் சோதனை மட்டும் ஓட்டி, பிறகு புதிய ஜிபிடி முறைக்கு மாற்றினேன். மாற்றியதும் பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குப் போயிருக்க வேண்டும். நான் விட்டுவிட்டேன், கணினி எழவில்லை. அந்தச் சில நிமிடங்கள் கை நடுங்கியது உண்மை. முறையை மாற்றியதும் எழுந்துகொண்டது. நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டும் கணினியை எழுப்பும் செக்யூர் பூட்டையும் பிடிடியையும் அப்போதே இயக்கிவிட்டேன்.

யுபிஎஸ் முழுவதும் சார்ஜ் ஆன பிறகுதான் நிறுவலைத் தொடங்கினேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருந்ததுதான். பத்து நாள்வரை பழைய விண்டோஸுக்குத் திரும்ப வழி உண்டு. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் இருக்கும் கோப்புறையை உடனே அழித்துவிடாதீர்கள்.

இப்போது அப்பாவும் நானும் கட்டுரைகளை ஒவ்வொன்றாக, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். அது முடியும்வரை பாமினி தங்கையின் மடிக்கணினியிலும் இருக்கும்.