ஃபோல்டர் பெயரில் 64, உள்ளே 32: ஒரு இன்ஸ்டாலர் பட்ட பாடு

எடைமேடை கம்பெனி கொடுக்கும் டிஎல்எல்லை (எடைமேடையோடு பேச உதவும் துணை ஃபைல்) சேர்த்து பில்லிங் சாஃப்ட்வேருக்கு இன்ஸ்டாலர் கட்டுகிறவர்கள், அந்த ஃபைலைத் திறந்து பார்க்காமல் பேக் பண்ணாதீர்கள். பிசான அறுவடை நேரத்தில் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வெட்டியாக அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அம்பை பக்கம் ஒரு அரிசி ஆலை. டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய எடை பில் சாஃப்ட்வேர், 32 பிட் விண்டோஸ் 7-இல் வருஷக்கணக்காக ஓடியது. பில்ட் 'எனி சிபியு', அதாவது விண்டோஸ் எத்தனை பிட்டோ அத்தனை பிட்டாக ஓடும் வகை. 32 பிட் விண்டோஸில் அது 32 பிட்டாகத்தான் ஓடும், ஆகவே பிரச்சினை இல்லை. 64 பிட் விண்டோஸ் 10 பெட்டி வந்ததும் அதே எக்ஸி (ப்ரோகிராம் ஃபைல்) 64 பிட்டாகக் கிளம்பியது. எடைமேடையின் 32 பிட் டிஎல்எல்லை அழைத்த இடத்தில் 'பேட் இமேஜ் ஃபார்மட்' என்று விழுந்தது. ஒரே ப்ராசஸுக்குள் 32 பிட்டும் 64 பிட்டும் சேராது, தெரிந்த கதைதான்.

கம்பெனியில் 64 பிட் டிஎல்எல் கேட்டேன். ஒரு ஜிப் வந்தது. உள்ளே எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) என்று இரண்டு ஃபோல்டர். சரி, வேலை முடிந்தது என்று எக்ஸியை எக்ஸ்64-க்கு மாற்றி, விஷுவல் ஸ்டுடியோ செட்டப் ப்ராஜெக்டையும் மாற்றினேன். இங்கே ஒரு குறிப்பு: 'டார்கெட் பிளாட்ஃபார்ம்' என்பது ரைட் கிளிக் பண்ணி வரும் ப்ராப்பர்ட்டி பேஜஸில் இருக்காது. சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரரில் ப்ராஜெக்டைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால் வரும் ஜன்னலில்தான் ஒளிந்திருக்கும். அதை மாற்றியதோடு, அப்ளிகேஷன் ஃபோல்டரின் இடத்தையும் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ் 64' என்று நீங்களே திருத்த வேண்டும்.

எக்ஸ்86 பேக்கேஜில் 64 பிட் அசெம்பிளியைப் போட்டால் பில்ட் பண்ணும்போதே திட்டு விழும். எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. 64 பிட் பேக்கேஜுக்குள் 32 பிட் ஃபைல் இருப்பது விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பொறுத்தவரை முறையான விஷயம், அது வாயே திறக்காது. (விக்ஸ் என்ற கருவியில் இன்ஸ்டாலர் கட்டுகிறவர்கள், 'ஐஸ்80' என்ற பரிசோதனை எச்சரிக்கை காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது பார்ப்பது காம்பொனென்ட்டின் 64 பிட் முத்திரையையும் ஃபோல்டரையும்தான், ஃபைலின் உள்ளே அல்ல.) என் மேசையில் எடைமேடை கிடையாது, டிஎல்எல்லை அழைக்கும் கட்டமே வரவில்லை. மற்றதெல்லாம் ஜோராக ஓடியது.

ஆலையில் இன்ஸ்டாலேஷன் சிரித்துக்கொண்டே முடிந்தது. எடை பட்டனை அழுத்தினால் அதே எரர். வெளியே நெல் லாரிகள் வரிசை.

"என்ன தம்பி, பழைய பெட்டியில ஓடிச்சுல்லா? புதுசு வாங்கினது தப்பாப் போச்சோ?" என்றார் ஆலைக்கார அண்ணாச்சி. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

அங்கே விஷுவல் ஸ்டுடியோ இல்லை. இருந்தால் அதோடு வரும் 'டம்ப்பின்' என்ற கட்டளையில் ஃபைலின் ஹெட்டரை (தலைப்பகுதி) பார்க்கலாம்: 14சி என்றால் 32 பிட், 8664 என்றால் 64 பிட். இல்லாத இடத்தில் நோட்பேட் போதும். டிஎல்எல்லை அதில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். மேலே கொஞ்சம் தள்ளி 'பிஇ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அடுத்து பெரிய 'எல்' வந்தால் 32, சின்ன 'டி' வந்தால் 64. எக்ஸ்64 ஃபோல்டரில் இருந்த ஃபைலில் பளிச்சென்று 'எல்'!

சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். "சார், ஃபோல்டர் பேரே எக்ஸ்64 தானே?" என்கிறார். ஃபைல் 32 பிட் என்கிறேன். "விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க" என்கிறார். ஹெட்டரின் படத்தை அனுப்பி, மேலே ஒருவரைப் பிடித்த பிறகுதான் உண்மை வந்தது: 64 பிட் டிஎல்எல் அவர்களிடம் கிடையவே கிடையாது.

அப்புறம் என்ன, எக்ஸியையும் செட்டப்பையும் எக்ஸ்86-க்கே கொண்டுபோனேன். 64 பிட் விண்டோஸ் 32 பிட் ப்ரோகிராமைத் தாராளமாக ஓட்டும். முந்தையதை அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டுப் புதியதைப் போட்டால் எரர் போய்விட்டது, எடை மட்டும் பூஜ்யம். எடைமேடையின் போர்ட் எண்ணை கம்ப்யூட்டர் கடைக்காரர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) கையால் போட்டிருந்தார். 32 பிட் ப்ரோகிராம் லோக்கல் மெஷின் சாஃப்ட்வேர் கிளையைக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் 'வாவ்6432நோட்' பக்கம் திருப்பிவிடும். அவர் போட்டதோ 64 பிட் பக்கம். எண்ணை வாவ் பக்கம் எழுதியதும் எடை வந்தது. டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸில் 'பிளாட்ஃபார்ம்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, 32 பிட் என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

கல்லிடைக்குறிச்சியில் இன்னொரு ஆலை இன்னும் 32 பிட் விண்டோஸ் 7-தான். எக்ஸ்64 எம்எஸ்ஐயை (இன்ஸ்டாலர் ஃபைல்) கொண்டுபோயிருந்தால், இந்த ப்ராசஸர் வகைக்கு ஆகாது என்று வாசலிலேயே திருப்பியிருக்கும். இப்போது இரண்டு ஆலைக்கும் ஒரே பேக்கேஜ்.

என்னுடைய டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ், தனி ப்ராசஸ் என்பதால் அந்தப் பக்கம் தப்பித்தேன். ஆக்சஸ் டேட்டாபேஸின் எம்டிபி ஃபைலை ஜெட் 4.0 என்ற பழைய டிரைவர் வழியாகத் திறப்பவர்கள் எக்ஸ்64 பக்கமே போக வேண்டாம். ஜெட்டுக்கு 64 பிட் வடிவம் கிடையாது, லாகின் தாண்டவே விடாது.