வில்லைக் கீழே வைக்காத அருச்சுனன்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாகப் போனேன். முதல் வருடம் நான் குனிந்து நடந்ததே இல்லை, பாசி பிடித்த படிக்கட்டில்கூட. இரண்டு முறை விழுந்தேன்.

தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் வேண்டும் என்று அதிபர் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் வாய் திறக்கும் முன்பே நான் ஏற்றுக்கொண்டேன். அருச்சுனன் தபசு. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகும் தமிழகத்திலிருந்து வந்த சனங்கள் தூக்கிவந்த கூத்து. காமன் கூத்து, பொன்னர் சங்கரோடு இன்றும் தோட்டங்களில் ஆடப்படுவது. அதற்குத்தான் நான் திருத்தம் எழுதினேன். தப்புப் பறை வேண்டாம், பாட்டு பாதி போதும், அருச்சுனன் ஏறித் தவமிருக்கும் தபசு மரத்துக்குப் பதில் ஒரு மேசை. பன்றி யார் அம்பில் செத்தது என்று அருச்சுனனும் வேடனும் மோதும் சண்டை என் பிரதியில் இரண்டே வரி. வேடன் சிவனாகிறான், அருச்சுனன் கும்பிடுகிறான், திரை.

அருச்சுனனாக நடித்த பையனின் தாத்தா ஒரு மாலை ஒத்திகை பார்க்க வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரர். இளமையில் பல வருடம் அருச்சுனன் வேடம் கட்டியவர். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சேர், அருச்சுனன் எந்த இடத்தில் தோற்கிறான்?"

"அதுதான் கும்பிடுகிறானே."

"கையில் வில் இருக்கிறதே, சேர்."

தங்கத்தாள் ஒட்டி நானே செய்த வில் அது. "ஐயா, இது போட்டி. தோட்டத்துக் கூத்து மாதிரி விடிய விடிய இழுக்க முடியாது" என்றேன். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அவர் "சரிங்க சேர்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வலய மட்டத்தோடு திரும்பினோம். பஸ்ஸில் பையனைத் திட்டினேன், உணர்ச்சியே இல்லையென்று. அவன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்: "வில்லைப் பிடித்துக்கொண்டு எப்படி சேர் கும்பிடுவது? எனக்குக் கூச்சமாக இருந்தது."

மறுவாரம் பெரியவர் குடியிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. "அந்தச் சண்டையை ஆடிக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன். பெரியவர் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துவந்தார். அம்பெல்லாம் தீர்கிறது. வில்லாலேயே வேடனை அடிக்கிறான், வேடன் அதைப் பிடுங்கிக்கொள்கிறான். கைக்குக் கை மல்லுக்கட்டி விழுகிறான். எழ முடியாமல் மண்ணைப் பிசைந்து லிங்கம் பிடித்துப் பூ வைக்கிறான். அந்தப் பூ வேடன் தலையில் இருக்கிறது. அறுபது வயது முழங்கால்கள் ஈர முற்றத்தில் பதிந்ததைப் பார்த்தபோது நான் எழுதிய இரண்டு வரியும் நினைவுக்கு வந்தன.

"இப்போது நீங்கள் அருச்சுனன்" என்று கட்டையை என்னிடம் நீட்டினார். பிடுங்க வந்தபோது நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், என்னை அறியாமல்.

"விடுங்கள் சேர்" என்றார். லயத்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சேற்றுக் கையோடுதான் பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வருடம் சண்டை மட்டும் பதினோரு நிமிடம், தப்போடு. பயிற்றுவித்தவர் என்று அவர் பெயரைத்தான் கொடுத்தோம். பார்க்க அவர் வரவில்லை. அன்று கொழுந்து அதிகம். இரவு முழுவதும் வாட்ட வேண்டியிருந்ததாம்.