இடப்பக்கக் காட்டர் பின் கழன்றுவிட்டது

போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு என் பழைய ராலே சைக்கிளின் இடப்பக்கக் காட்டர் பின் (பெடல் மாட்டுகிற கிராங்கை அச்சோடு பூட்டும் சாய்வான ஆணி) வெளியே வந்தது. பதினேழு நாள் போராட்டம். வலப்பக்கத்துப் பின் இரண்டே அடியில் கழன்று கையில் விழுந்ததும், இடதும் அப்படியே வரும் என்று அவசரப்பட்டேன். அந்த அவசரத்துக்குத்தான் இத்தனை நாள் தண்டம்.

வண்டி, திருச்சி அரியமங்கலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போக இருந்த 28 அங்குல ராடு பிரேக் ராலே. ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்ததும் நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்ற எழுத்து தெரிந்தது. அப்படியென்றால் ஆசன்சோல் சென்-ராலே ஆலையில் செய்த வண்டி இல்லை. செயின் வீலில் ராலேயின் அடையாளமான கொக்குத் தலைகள் ஒன்றுகூட உடையாமல் இருக்கின்றன. ஃப்ரேமுக்கு நூல் கட்டிப் பார்த்தேன், கோட்டமே இல்லை. யாரோ வீட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்டை மேலே பூசியிருக்கிறார்கள். பின் மட்கார்டில் ஒரு ஓரத்தைச் சுரண்டினால் கறுப்பும், அதன்மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு தங்கக் கோடும். அதைப் பார்த்த அன்றே இந்த வண்டியைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பி அந்தப் பழைய பெயிண்டை அழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பின்னுக்கு வருகிறேன். முதல் நாள் நட்டைக் கழற்றிவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். பத்துப் பதினைந்து தட்டு. பின் அசையவில்லை, மரை இருக்கிற முனை மட்டும் காளான் மாதிரி விரிந்துவிட்டது. பிறகு நாலு ராத்திரி மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற வைத்தேன். சி கிளாம்ப் வைத்து முறுக்கினேன், கிளாம்ப்தான் வளைந்தது. நெருப்பு வைத்துச் சூடு காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். கிராங்கின் குரோம் இன்னும் பாதி நன்றாக இருக்கிறது, நெருப்பு காட்டினால் நீலம் பாய்ந்துவிடும். அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

எங்கள் தெரு முனையில் நாற்பது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கீழே முட்டு குடுத்தியா தம்பி?"

கொடுக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டுத்தான் அடித்தேன். "அப்ப நீ அடிச்ச அடியெல்லாம் பின்னுக்குப் போகல, அச்சு சுத்துற கப்புக்கும் பால்ரஸுக்கும் போயிருக்கு. காட்டரைத் தட்டக் கூடாது. பத்துத் தட்டுக்குப் பதில் ஒரே அடி."

அவர் சொன்னபடி, கனமான இரும்புப் பைப் ஒன்றைக் கிராங்குக்கும் தரைக்கும் நடுவே சரியாக நிற்கிற உயரத்துக்கு வெட்டி வாங்கினேன். பின்னின் தலை பைப்பின் ஓட்டைக்குள் இறங்க வேண்டும், கிராங்கின் உடல் மட்டும் பைப்பின் விளிம்பில் உட்கார வேண்டும், இரண்டு சக்கரமும் தரையில் படக் கூடாது. அடிக்கிற பலம் முழுக்க அப்போதுதான் பின்னுக்குள் இறங்கும். இந்த முட்டு முதல் நாளே கொடுத்திருந்தால் இரண்டு அடியில் வேலை முடிந்திருக்கும். என் பின்னின் முனை ஏற்கெனவே விரிந்திருந்ததால் அது கிராங்கின் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. கடைசி வழியாக முனையை ரம்பத்தால் அறுத்து, நடுவில் பஞ்ச் வைத்து, முதலில் 3 மி.மீ., அப்புறம் 5, அப்புறம் 6 என்று துளை போட்டேன். 9.5 மி.மீ. பின்னுக்குள் 6 மி.மீ. துளை விழுந்ததும் அதன் பிடி தளர்ந்துவிட்டது. நாலு பவுண்டு சுத்தியலால் ஒரே அடி. சத்தம் மாறியது, டங் என்று கேட்டுக்கொண்டிருந்தது டப் என்று கேட்டது. குனிந்து பார்த்தால் பின் பைப்புக்குள் கிடக்கிறது.

புதுப் பின் போடுவது இதைவிடப் பெரிய கதை. கடையில் ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு பின்னின் சாய்வும் ஒன்றுபோல் இல்லை. அப்படியே போட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது, பெடல் மிதிக்கும்போது கால் நொண்டும். பட்டை அரத்தால் ராவித்தான் சரி செய்ய வேண்டும். எங்கே ராவுவது என்று தெரிய அக்காவின் கண்மையை வாங்கிப் பின்னின் சாய்வில் தடவினேன். உள்ளே தட்டி, வெளியே எடுத்துப் பார்த்தால், அச்சு தொட்ட இடத்தில் மட்டும் மை அழிந்திருக்கும். அங்கே நாலு இழுப்பு, மறுபடி மை. ஒரு பின்னுக்குப் பதினோரு தடவை. கடைசியில் சாய்வு முழுக்க ஒரே சீராக மை அழிந்திருந்தது. அந்தப் பின்னை எடுக்கவே மனசில்லை.

இரண்டு பின்னையும் எதிரெதிர்த் திசையில் அடித்து இறக்கிய பிறகுதான் நட்டு. நட்டை முறுக்கியே பின்னை இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மரை வழுக்கிவிடும்.

கிராங்கைக் கழற்றியதால் இடப்பக்கக் கப்பையும் பார்த்தேன், லேசாகக் குழி விழுந்திருந்தது. மார்க்கெட்டில் புதுக் கப்பு வாங்கி வந்தால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. ராலேயின் மரை அங்குலத்துக்கு 26, கடையில் கிடைப்பது 24. ஸ்பேனரைப் போட்டு அழுத்தியிருந்தால் ஃப்ரேமின் மரையே போயிருக்கும். பழைய கப்பையே உப்புத்தாளால் தேய்த்து, பக்கத்துக்குப் பதினொன்று கால் அங்குலப் பால்ரஸ் புதுசாகப் போட்டு, கிரீஸ் நிறைய வைத்து மூடிவிட்டேன். 26 மரைக் கப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்ட விலை கொடுக்கிறேன்.

பெயிண்ட் வேலை இன்னும் தொடவில்லை, ஆனால் மனசு அதற்குள் பின் சக்கரத்துக்குப் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப் ஒன்று கிடைத்திருக்கிறது. மூணு கியரும் சக்கரத்தின் நடுவில் இந்த ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஓட்டின்மேல் 63 என்று வருஷம் அடித்திருக்கிறது. போக்ஸ் கம்பிக்கு 40 ஓட்டை உள்ள ஹப், என் பின் ரிம்மும் 40 ஓட்டை. இப்படிப் பொருந்தி வருவது பெரிய அதிர்ஷ்டம். நடு கியரில் இப்போது இருக்கிற மிதி அப்படியே இருக்கும், முதல் கியரில் அதில் முக்கால் பங்கு, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பாலம் ஏறும்போது இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. இப்போதைக்கு ஹப் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறுகிறது. உள்ளே இருக்கிற நாய் (பல்லைக் கவ்வும் சின்னக் கொக்கி) ஸ்பிரிங் முடி மாதிரி மெல்லிசு என்பதால் பழைய எண்ணெய் முழுக்க இளகும்வரை பிரிக்கப் போவதில்லை. போக்ஸ் கம்பி நீளம் அளந்து வெட்டி மரை போட்டுத் தர லேத் பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன்.

அதுவரை பழைய ஃப்ரீவீல் சக்கரமே. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொன்மலை வரை ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின்னுக்கும் ஆளுக்கொரு அடி கொடுத்து நட்டை மறுபடி முறுக்க வேண்டும். பைப்பை ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன்.