பழைய கெர்னலில் புதிய டெஸ்ட்

லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் வரிசைகளை, அதாவது திருத்தங்கள் மட்டும் சேர்த்துப் பராமரிக்கும் பழைய பதிப்புகளைச் சோதிப்பவர்கள் பலரும் மெயின்லைனில் (புதிய வளர்ச்சி நடக்கும் முதன்மை வரிசையில்) உள்ள புதிய கேசெல்ஃப்டெஸ்டையோ (கெர்னல் மூலத்தோடே வரும் டெஸ்ட் தொகுப்பு), எல்டிபியின் (லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்ற தனி டெஸ்ட் தொகுப்பு) புதிய வெளியீட்டையோ எடுத்து அப்படியே பழைய கெர்னலில் ஓட்டுவார்கள். சிவப்பு வரிகள் கொட்டும். அதில் எது நிஜமான பழுது, எது அந்தக் கெர்னலில் இல்லாத வசதி என்று பிரிப்பதுதான் வேலையே.

எல்லோரும் முதலில் கை வைப்பது பதிப்பு எண்ணில். இதை நம்ப முடியாது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 தன்னை 4.18 என்றுதான் சொல்லும். உள்ளே பார்த்தால் பின்னாளில் வந்த பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் முறை) வசதிகள் ஏராளமாக பேக்போர்ட் ஆகியிருக்கும், அதாவது பழைய பதிப்புக்குள் கொண்டுவரப்பட்டிருக்கும். எண்ணை ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் 5.10, 5.9-ஐவிடச் சின்னதாகிவிடும். 2021-ல் 4.4, 4.9 வரிசைகளின் கடைசி எண் 255-ஐத் தாண்டியபோது இன்னொரு வேடிக்கை: பதிப்புக் குறியீட்டில் அதற்கு ஒதுக்கிய இடம் 8 பிட்தான். 255-லேயே நிறுத்தி வைத்துச் சமாளித்தார்கள்.

அதனால் கெர்னலிடமே கேட்பதுதான் முறை. உதாரணமாக ஓப்பன்அட்2 (கோப்பைத் திறக்கும்) சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்பு, 5.6-ல் வந்தது, எண் 437. பில்ட் மெஷினின் ஹெடரில் அந்த எண் இல்லாவிட்டால் டெஸ்டிலேயே டிஃபைன் செய்துகொள்ள வேண்டும். ஜிலிப்சியில் (நிரல்கள் பயன்படுத்தும் சி நூலகம்) அதற்கு ரேப்பர் இருக்கும் என்று எதிர்பார்க்காமல் சிஸ்கால் வழியாக நேரடியாக அழைக்க வேண்டும். எர்நோ (பிழை எண்) 38, அதாவது "இந்த அழைப்பே இல்லை" என்னும் ஈநோசிஸ் வந்தால் ஸ்கிப். கேசெல்ஃப்டெஸ்டில் அதற்கு எக்ஸிட் கோட் 4, எல்டிபியில் டிகான்ஃப், அதாவது 32. பூஜ்ஜியத்தோடு வெளியேறி "பாஸ்" என்று காட்டுவதை எந்த ரிவ்யூவிலும் விடக்கூடாது. கன்டெய்னருக்குள் ஓட்டும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய டாக்கரின் செக்காம்ப் வடிகட்டி (எந்தச் சிஸ்டம் கால்களை அனுமதிப்பது என்று தீர்மானிப்பது), தனக்குத் தெரியாத சிஸ்டம் காலுக்கு ஈநோசிஸுக்குப் பதில் "அனுமதி இல்லை" என்னும் ஈபெர்ம் தரும். அதையும் ஸ்கிப்பில் சேர்த்தால் உண்மையான அனுமதிப் பிழையும் அதோடு மறைந்துபோகும். கன்டெய்னரை மாற்றுவது நல்லது.

ஃபிளாகுகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வரிசையாகப் பல கோப்பு எண்களை மூடும் க்ளோஸ்_ரேஞ்ச் 5.9-ல் வந்தது, அதன் க்ளோஎக்ஸெக் ஃபிளாக் 5.11-ல். ஃபிளாக் தெரியாத கெர்னல் ஈஇன்வால் ("தவறான மதிப்பு" என்ற பிழை) தரும். தொடக்க எண் முடிவு எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் அதே ஈஇன்வால்தான். அதனால் சோதித்துப் பார்க்கும் அழைப்பில் மற்ற எல்லாம் சரியாக இருந்து, ஃபிளாக் ஒன்று மட்டுமே சந்தேகத்துக்குரியதாக இருக்க வேண்டும்.

இதைவிட மோசம், தெரியாத ஃபிளாகைக் கண்டுகொள்ளாமல் விடும் அழைப்புகள். நிரலின் நினைவகத்தில் இடம் ஒதுக்கும் எம்மேப் அப்படிப்பட்டது. மேப்_ஃபிக்ஸ்ட்_நோரீப்ளேஸ் 4.17-ல் வந்தது, கேட்ட முகவரியில் ஏற்கெனவே மேப்பிங் இருந்தால் ஈஎக்ஸிஸ்ட் ("ஏற்கெனவே இருக்கிறது") என்று தோற்க வேண்டும். 4.14 அந்த ஃபிளாகைப் பார்க்காது, முகவரியை வெறும் விருப்பமாக எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் மேப் செய்து வெற்றி என்று திரும்பும். ஆகவே டெஸ்ட் ஒரு பக்கத்தை மேப் செய்து, அதே முகவரியை இந்த ஃபிளாகோடு மறுபடி கேட்டு, வேறு முகவரி வந்தால் "ஆதரவு இல்லை" என்று முடிவு கட்டலாம். ஆனால் நாம் பிடிக்க வேண்டிய பழுதும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும்! நாளை யாராவது அந்த ஃபிளாக் சரிபார்ப்பை உடைத்தால் டெஸ்ட் சமர்த்தாக ஸ்கிப் ஆகிவிடும். பதிப்பு எண்ணைப் பார்ப்பது நியாயமாவது இந்த மாதிரி இடத்தில்தான்: 4.17-க்குக் கீழே என்றால் ஸ்கிப், 4.17-ம் அதற்கு மேலும் என்றால் ஃபெயில்.

அதே பதிப்பு எண் கெடுதல் செய்வது, சரிசெய்த பழுது திரும்ப வருகிறதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் டெஸ்ட்களில். டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பழுது, அதாவது சிவிஇ-2016-5195-க்கான திருத்தம் மெயின்லைனில் 4.9-க்கும், ஸ்டேபிளில் 4.8.3, 4.4.26 ஆகியவற்றுக்கும் போனது. பழைய கெர்னலில் தோற்கிறதே என்று டெஸ்டில் குறைந்தபட்சப் பதிப்பு 4.9 என்று எழுதினால், பேட்ச் போகாத 4.4 கெர்னல் எந்தக் கேள்வியும் இல்லாமல் தப்பிவிடும். வசதி இல்லை என்றால் ஸ்கிப், திருத்தம் இல்லை என்றால் ஃபெயில். எல்டிபியில் டெஸ்டோடு திருத்தத்தின் கமிட் அடையாளத்தை டேகாகப் போட இடம் இருக்கிறது; டெஸ்ட் தோற்றால் எந்தப் பேட்ச் விடுபட்டிருக்கலாம் என்று அதுவே சொல்லும்.

பில்ட் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. ஜிலிப்சி 2.34-ல் பில்ட் செய்த பைனரி அதைவிடப் பழைய ஜிலிப்சி உள்ள மெஷினில் பெரும்பாலும் ஏறவே ஏறாது. ஸ்டாட்டிக்காக லிங்க் செய்யுங்கள், அல்லது இருப்பதிலேயே பழைய ரூட்எஃப்எஸ்ஸில் (சோதனை மெஷினின் கோப்பு அமைப்பு) பில்ட் செய்யுங்கள்.

கான்ஃபிக், அதாவது கெர்னலில் எந்த வசதிகள் சேர வேண்டும் என்ற பட்டியல், அப்படியல்ல. கேசெல்ஃப்டெஸ்டின் பல டைரக்டரிகளில் தேவையான ஆப்ஷன்களைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பு உண்டு. மெயின்லைன் கோப்பைப் பழைய கெர்னலின் கான்ஃபிகோடு மெர்ஜ் செய்தால், பெயர் மாறியதோ சார்ந்திருக்கும் ஆப்ஷன் இல்லாததோ இறுதிக் கோப்பில் வராது. எச்சரிக்கை வரும், ஆனால் சிஐ (தானியங்கி பில்ட், டெஸ்ட் அமைப்பு) லாகில் அதை யார் படிக்கிறார்கள்? பிறகு நூறு டெஸ்ட் ஸ்கிப் ஆகும், டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். மெர்ஜ் முடிந்ததும் கேட்ட ஒவ்வொரு ஆப்ஷனும் இறுதிக் கோப்பில் இருக்கிறதா என்று கிரெப் செய்து, இல்லாவிட்டால் பில்டையே நிறுத்துங்கள். ஸ்கிப் ஆன டெஸ்ட்களின் பட்டியலையும் ஒவ்வொரு கெர்னல் வரிசைக்கும் தனித்தனியாகச் சேமித்து, அடுத்த ஓட்டத்தோடு டிஃப் எடுங்கள். நேற்று ஓடிய டெஸ்ட் இன்று ஸ்கிப் என்றால் அதை ஃபெயிலாகவே எண்ண வேண்டும்.