எப்போது என்று கேட்கவில்லை

“இப்போ டெஸ்ட் எடுத்தா தெரியுமா மேடம்?” எச்ஐவி ஆலோசகரான என்னிடம் அவன் கேட்டது இவ்வளவுதான். மடியில் ஹெல்மெட். அதன் கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். வயது 19 என்று சீட்டில் இருந்தது.

“சமீபத்துலதான்” என்று அவனாகவே சொன்னான். தொற்றியிருந்தாலும் டெஸ்டில் தெரியாத ஆரம்ப நாட்களைப் பற்றிய விண்டோ பீரியட் பாடத்தை நான் ஆரம்பித்துவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனது: ரேப்பிட் டெஸ்ட் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை, அது உண்டாக நாளாகும், இன்றைக்கு நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது. “மூணு மாசம் கழிச்சு வாங்க தம்பி. அதுவரைக்கும் காண்டம் இல்லாம வேண்டாம்.” தலையாட்டிவிட்டுப் போனான்.

சொன்னபடி வந்தான். நெகட்டிவ். நிம்மதியில் பேச்சு வந்தது. “அன்னைக்கு இங்க வந்தேனே, அதுக்கு முந்தின ராத்திரிதான் மேடம் நடந்தது.” அப்புறம் நன்றி வேறு சொன்னான்.

முந்தின ராத்திரி. 72 மணி நேரத்துக்குள் வந்தால், கிருமி உடம்பில் நிலைத்துவிடாமல் தடுக்கும் பெப் மாத்திரை தொடங்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் அவன் பெப் பற்றிக் கேட்கவில்லை. தெரியுமா என்றான், தெரியாது என்றேன். கேட்டதற்குச் சரியான பதில்.

சரியான பதில்கூட இல்லை. ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கே ஒரு டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும்.

அவனுக்குப் பெப் தேவையே இல்லாமலும் இருந்திருக்கலாம். காண்டம் போட்டிருக்கலாம். அந்த இன்னொருவர் எச்ஐவி இருந்தும் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு, அதாவது வைரல் லோட், கண்டறிய முடியாத அளவில் இருப்பவராக இருந்தால் உறவில் தொற்றவே தொற்றாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

துருவாதே என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் முகச்சுளிப்பைப் பார்த்தாலே ஓடிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் ‘யாரோடு’ என்பது துருவல். ‘எப்போது’ என்பது துருவலா? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்து, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருந்தேன். அவனுக்கு என் மகன் வயது. கேட்கக் கூசியது அவனுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒரு பெண். “எப்போ நடந்ததும்மா?” என்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எனக்கில்ல, ஃப்ரெண்டுக்குக் கேக்க வந்தேன்” என்று எழுந்துவிட்டாள். கதவு வரை போய், “72 மணி நேரத்துக்குள்ள வரணும்னு அவங்ககிட்ட சொல்லும்மா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வராந்தாவில் காத்திருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.