சரிவில் படர்ந்த ஊதா உண்ணிப்பூ

கோவையில் எங்கள் வீட்டு முன்சுவரை ஒட்டித் தெருப்பக்கம் சரியும் செம்மண் மேடு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஐப்பசியிலும் மழைநீர் அந்த மண்ணை அரித்துச் சாக்கடையில் சேர்த்துவிடும். புல் பதித்துப் பார்த்தேன்; சித்திரை வெயிலில் கருகிவிட்டது. பிறகுதான் ஊதா நிறத்தில் பூக்கும் படர் உண்ணிச்செடியை நட்டேன்.

உண்ணிச்செடி என்றதும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் லண்டானா கமாராதான் நினைவுக்கு வரும். நான் வளர்ப்பது அதன் உறவினமான லண்டானா மான்டிவிடென்சிஸ். உருகுவேயின் தலைநகரான மான்டிவிடியோவின் பெயரைத் தாங்கிய தென்னமெரிக்கச் செடி. காட்டுச்செடி முள் நிறைந்த தண்டுடன் ஆளுயரத்துக்கும் மேல் புதராக எழும். இதுவோ மெல்லிய, முள்ளற்ற தண்டுகளைத் தரையோடு நீட்டி, பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே நர்சரியில் வாங்கும்போது தண்டை விரலால் வருடிப் பார்த்துவிடுங்கள். நான் அப்படிப் பார்க்காமல் வாங்கிவந்த ஆறு செடிகளில் இரண்டு முள்ளோடு நிமிர்ந்து வளர்ந்தன. அவற்றை வேரோடு பிடுங்க வேண்டியதாயிற்று.

செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட்டு, நல்ல வெயில் படும் இடத்தில் நட வேண்டும். முதல் ஆண்டு நான் நாள்தோறும் தண்ணீர் விட்டு, தொழுவுரமும் தாராளமாக இட்டதால் இலைதான் செழித்ததே தவிர, பூ அரிதாகவே வந்தது. வேர் பிடித்தபின் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடத் தொடங்கியதும், இலையே தெரியாத அளவுக்குப் பூத்துக் குலுங்கியது. காலை பத்து மணிக்கு மேல் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் அந்தப் பூக்களை விட்டு நகர்வதில்லை.

ஒரு கிளையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மண்ணைத் தொட்ட கணுக்களில் நூல்போன்ற வெள்ளை வேர்கள் இறங்கி, செம்மண்ணைக் கட்டியாகப் பற்றியிருந்தன. சரிவு கரையாமல் நிற்பது இவ்வேர்களால்தான்.

இதே குணத்தால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இது களையாகப் பரவியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறேன். வெட்டிய கிளைகளைக் காலி மனையில் வீசினால் வேர் பிடிக்கக்கூடும். இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சும்கூட. ஆகவே மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்து, அதன்பின்னரே அப்புறப்படுத்துகிறேன்.